டிரெஸ்டன் காமிராக்கள் மீது ஒரு வீண்பழி

பழைய ஜெர்மானியக் காமிராக்களைச் சேகரிப்பவர்களிடையே, ஆராய்ச்சியின் முடிவாக அன்றி வழக்கத்தின் பலத்தினாலேயே நிலைபெற்றுவிட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. ஜெர்மானியக் காமிரா என்றால் அது வெட்ஸ்லர் நகரத்து லைக்காதான். அதற்கு அடுத்த ஸ்தானத்தை வேண்டுமானால் ஸ்டுட்கார்ட்டிலும் பிரௌன்ஷ்வைக்கிலும் பிறந்தவற்றுக்குக் கொடுக்கலாம். யுத்தத்துக்குப் பின் கிழக்கு ஜெர்மனிக்குள் அகப்பட்டுக்கொண்ட டிரெஸ்டன் நகரத்துக் காமிராக்களோ, அரசாங்கத் திட்டத்தின் எண்ணிக்கையை நிறைவேற்றுவதற்காக அவசர அவசரமாகச் செய்து தள்ளப்பட்ட மலிவுச் சரக்கு. அவற்றைச் சேகரிப்பவன் மதித்து வைக்க வேண்டியதில்லை, படம் எடுப்பவன் நம்பிப் பிலிம் போட வேண்டியதும் இல்லை என்பதே அது. இதைச் சொல்லுகிறவர்களில் மிகப் பலர் ஓர் எக்ஸாக்டாவையோ பிராக்டினாவையோ கையில் எடுத்து ஒரு சுருள் முழுவதையும் எடுத்துப் பார்த்தவர்கள் அல்லர். ஒருவர் சொன்னதை மற்றொருவர் வாங்கிச் சொல்லி, அவர் சொன்னதைப் பின்வந்தவர் ஆதாரமாகக் கொண்டு, அபிப்பிராயம் நாளடைவில் சரித்திரத்தின் வேஷத்தைப் பூண்டுகொண்டது. அந்த அபிப்பிராயம் நடந்த சரித்திரத்துக்கும் பொருந்தவில்லை, யந்திரங்களின் இயல்புக்கும் பொருந்தவில்லை என்பதைக் காட்டுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

லைக்காவின் பெருமையைக் குறைப்பது என் கருத்தன்று. சினிமாப் பிலிமின் 35 மில்லிமீட்டர் அகலத்தையே ஆதாரமாகக் கொண்டு, சட்டைப்பையில் அடங்கும் காமிரா ஒன்றைச் செய்ய முடியும் என்று ஆஸ்கர் பர்னாக் காட்டியதும், லைட்ஸ் ஸ்தாபனம் அதனை 1925-ஆம் ஆண்டு லைப்ஸிக் சந்தையில் துணிந்து வெளியிட்டதும், நாஜி ஆட்சியின் கொடுமை முற்றிவந்த நாட்களில் லைட்ஸ் குடும்பத்தார் யூதர்களான தம் தொழிலாளர் பலரை வெளிநாடுகளில் வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லிக் காப்பாற்றியதும் என்றும் போற்றத்தக்க செய்திகள். 1954-இல் வந்த எம்3 காமிராவின் ரேஞ்ச்ஃபைண்டரை ஒருமுறை கண்ணில் வைத்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். ஆனால், படம் பிடிக்கும் லென்ஸ் எதைக் காண்கிறதோ அதையே கண்ணாடியின் வழியாக நம் கண்ணும் காணும்படி அமைந்த ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் காமிராவே பின்னர் அரை நூற்றாண்டுக் காலம் உலகத்துப் படக்காரர்களின் பொதுக் கருவியாக விளங்கிற்று என்பதையும், அதன் உருவம் நிர்ணயமானது வெட்ஸ்லரில் அன்று, டிரெஸ்டனில்தான் என்பதையும் மறுக்க யாராலும் இயலாது.

அந்த நகரத்தின் தொழில் பொதுவுடைமை ஆட்சியோடு தோன்றியதன்று. யோஹான் ஸ்டீன்பெர்கன் என்னும் டச்சுக்காரர் 1912-இல் அங்கே தொடங்கிய இஹாகே ஸ்தாபனம், 1933-இல் சிறிய சுருளுக்கான எக்ஸாக்டாவையும், 1936-இல், கார்ல் நூய்ஷ்டர்லைன் என்பவர் வகுத்த அமைப்பின்படி, 35 மில்லிமீட்டர் பிலிமுக்கான கினே எக்ஸாக்டாவையும் வெளியிட்டது. அதே காலத்தில் சோவியத் நாட்டில் 'ஸ்போர்ட்' என்ற காமிராவும் தோன்றியதனால் எது முந்தியது என்ற சர்ச்சை சரித்திரக்காரர்களிடையே உண்டு. உலகச் சந்தையில் வேரூன்றி, லென்ஸுகளும் துணைக்கருவிகளுமாக ஒரு பரம்பரையையே உண்டாக்கியது எக்ஸாக்டாதான் என்பதில் சர்ச்சை இல்லை. எர்னெமான், ஈகா, கோயர்ஸ், கான்டெஸ்ஸா நெட்டெல் ஆகிய நான்கு ஸ்தாபனங்கள் ஒன்றாகி 1926-இல் உருவான ஜெய்ஸ் ஐகானும் டிரெஸ்டனைத்தான் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. லைக்காவுக்கு நேர் போட்டியாக 1932-இல் அது இறக்கிய கான்டாக்ஸும், துணித்திரைக்குப் பதிலாக மேலிருந்து கீழிறங்கும் உலோக ஷட்டருடன் ரேஞ்ச்ஃபைண்டரையும் வியூஃபைண்டரையும் ஒரே ஜன்னலில் இணைத்து 1936-இல் அது அளித்த இரண்டாம் கான்டாக்ஸும் அந்நகரத்தின் கைவேலையே. 1944-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி நார்மண்டிக் கடற்கரையில் ராபர்ட் காபா அலைகளுக்கும் குண்டுகளுக்கும் இடையே நின்று படம் எடுத்தது கான்டாக்ஸைக் கொண்டுதான். நகரத்தின் ஓரத்திலிருந்த கா.வே. தொழிற்சாலையிலிருந்து 1939-இல் பிராக்டிபிளெக்ஸ் வெளிவந்தது. பின்னாளில் உலகமெங்கும் பரவிய பிராக்டிகாவின் முன்னோடி அது. ஆக, கிழக்கு ஜெர்மனி என்ற ராஜ்யம் 1949-இல் பிறப்பதற்கு முன்பே டிரெஸ்டன் இத்தனையையும் செய்து முடித்திருந்தது.

பிறகு நேர்ந்த அழிவை நினைவிற்கொள்ளாமல் இந்தக் காமிராக்களை எடைபோடுவது பெரும் அநியாயம். 1945 பிப்ரவரி நடுவில் ஆகாய விமானங்கள் பொழிந்த தீயில் நகரத்தின் மையம் சாம்பலாயிற்று. இஹாகேயின் தொழிற்சாலை அதனோடு போயிற்று. லென்ஸ் செய்த யேனா நகரத்தை முதலில் பிடித்த அமெரிக்கப் படைகள், ஒப்பந்தப்படி அதைச் சோவியத்தாரிடம் ஒப்படைக்கும் முன்பு, ஜெய்ஸ் ஸ்தாபனத்தின் தேர்ந்த நிபுணர்களைத் தம்மோடு மேற்கே அழைத்துச் சென்றுவிட்டன. அவர்களைக் கொண்டே ஓபர்கோகெனில் மேற்கத்திய ஜெய்ஸ் எழுந்தது. பின்னர் வந்த சோவியத்தார் யுத்த நஷ்ட ஈடாகக் கான்டாக்ஸ் செய்யும் கருவிகளைக் கழற்றிக் கொண்டுபோய்க் கீவ் நகரத்தில் நிறுவினர். அங்கே அதே காமிரா 'கீவ்' என்ற பெயரோடு பல்லாண்டுகள் செய்யப்பட்டது. நிபுணர்களில் ஒரு பகுதியை மேற்கும், யந்திரங்களில் ஒரு பகுதியைக் கிழக்கும் எடுத்துச் சென்றபின், இடிபாடுகளுக்கு நடுவே எஞ்சிய மனிதர்கள் எஞ்சிய கருவிகளைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதல்லவா கேட்கவேண்டிய கேள்வி?

அதற்கு விடை 1949-இல் வந்த கான்டாக்ஸ் எஸ். இடுப்பருகே பிடித்துக் குனிந்து, இடம் வலமாக மாறித் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே ரிஃப்ளெக்ஸ் காமிராவில் படம் எடுக்க வேண்டியிருந்த நிலைமையை மாற்றி, தலையில் பொருத்திய ஐங்கோணப் பிரிஸத்தின் வழியாகக் கண்மட்டத்தில் நேரான காட்சியைக் காணும்படி செய்தது அது. இத்தாலியில் ரெக்டாபிளெக்ஸ் அதே நாட்களில் அதே வழியில் நடந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ரெக்டாபிளெக்ஸ் சில ஆண்டுகளில் மறைந்துவிட, டிரெஸ்டன் வகுத்த அமைப்பு நிலைத்தது. கான்டாக்ஸ் எஸ்ஸோடும் பிராக்டிகாவோடும் வழக்குக்கு வந்த 42 மில்லிமீட்டர் திருகு மரையை ஜப்பானில் அசாஹி ஸ்தாபனம் 1957-இல் தன் பென்டாக்ஸுக்கு எடுத்துக்கொண்டது. சோவியத்தின் ஜெனிட் காமிராக்களும் பின்னர் எடுத்துக்கொண்டன. ஒரு காலத்தில் பல நாட்டு லென்ஸுகள் ஒன்றுக்கொன்று பொருந்தும் சர்வதேசப் பொதுமரையாகவே அது ஆகிவிட்டது. டிரெஸ்டன் பிறரைப் பின்பற்றிய நகரம் என்று சொல்லுகிறவர்கள், உலகமே திருகிய மரை எங்கிருந்து வந்தது என்று ஒருகணம் சிந்தித்ததுண்டா?

பிராக்டினாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த வழக்கில் அதைவிட வலிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஸீக்பிரீட் போயெம் வடிவமைத்து 1953-இல் வெளிவந்த அந்தக் காமிராவில் வியூஃபைண்டரைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம், உள்திரையை மாற்றலாம், லென்ஸைத் திருகாமல் ஒரு வளையத்தை மட்டும் சுழற்றிப் பூட்டலாம், அடியில் வில்சுருள் மோட்டாரை மாட்டி, விரலை எடுக்க எடுக்கப் பிலிம் தானே நகரும்படி தொடர்ச்சியாகப் படங்கள் எடுக்கலாம், நூற்றுக்கணக்கான படங்களுக்குப் போதுமான நீண்ட சுருளை ஏற்கும் பெரிய பின்பெட்டியும் அதற்கு உண்டு. ஒரு காமிராவைச் சுற்றி ஒரு முழுக் கருவிக் குடும்பத்தையே அமைக்கும் இந்த யோசனைக்கு 1959-இல் வந்த நிகான் எஃப் காமிராவைத்தான் எல்லாரும் ஆதியாகச் சொல்லுகிறார்கள். நிகான் எஃப் மகத்தான காமிரா என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆறாண்டுகளுக்கு முன் இதே யோசனை உருப்பெற்றுக் கடைகளில் விற்பனையான நகரம் டிரெஸ்டன். ஜப்பான் தன் காமிராவை மேலும் மேலும் வளர்த்த அதே வருஷங்களில், கிழக்கு ஜெர்மன் அதிகாரிகள் பிராக்டினாவை 1960-இல் நிறுத்தினார்கள். அது மன்னிக்கமுடியாத மடமை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது திட்டம் போட்டவர்களின் குற்றமேயன்றி, காமிராவைப் படைத்தவர்களின் குற்றம் அன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதில்தான் பழி சுமத்துவோரின் வாதம் முழுவதும் நிற்கிறது.

பொதுவுடைமை ஆட்சியே டிரெஸ்டனை வீழ்த்தியது, சுதந்திரம் இருந்திருந்தால் அந்தத் தொழில் செழித்திருக்கும் என்று மற்றொரு வகையாகவும் பேசுகிறார்கள். சுதந்திரமும் மூலதனமும் இருந்த மேற்கில் நடந்ததென்ன? ஸ்டுட்கார்ட்டில் மறுபிறவி எடுத்த ஜெய்ஸ் ஐகான், லென்ஸுக்குள்ளேயே இதழ் ஷட்டரை அமைத்த கான்டாபிளெக்ஸில் தன் திறமையைச் செலவிட்டது. வோய்க்ட்லாண்டரின் பெஸ்ஸாமாட்டிக்கும், கோடக்கின் ஸ்டுட்கார்ட் தொழிற்சாலை செய்த ரெடினா ரிஃப்ளெக்ஸும் அதே சந்தில் நுழைந்தன. இதழ் ஷட்டரைப் பார்வைக்காகத் திறந்து, படத்துக்காக மூடி, மறுபடி திறந்து மூடவேண்டிய அந்த அமைப்பில், லென்ஸ் மாற்றுவதற்கும் பெரிய துவார லென்ஸ் செய்வதற்கும் இயற்கையாகவே எல்லை வந்துவிடுகிறது. சிக்கலின் சிகரமாகிய கான்டாரெக்ஸ், வேலைப்பாட்டில் அதிசயம். விலையிலோ சாமானியனுக்கு எட்டாதது. 1972-ஓடு ஜெய்ஸ் ஐகான் மேற்கில் காமிரா செய்வதை நிறுத்திற்று. 1756-இல் வியன்னாவில் தொடங்கிய வோய்க்ட்லாண்டரின் பிரௌன்ஷ்வைக் தொழிற்சாலையும் ஏறக்குறைய அதே வேளையில் மூடப்பட்டது. ரோலை ஸ்தாபனம் சிங்கப்பூருக்குப் போய்ப் பார்த்தும் 1981-இல் திவாலாயிற்று. லைட்ஸே மினோல்டாவோடு ஒப்பந்தம் செய்துகொண்டு 1976-இல் வந்த ஆர்3 காமிராவை அதன் துணையோடுதான் செய்யமுடிந்தது. டிரெஸ்டனின் பென்டகான் ஸ்தாபனமோ, 1969-இல் பிராக்டிகா எல்.எல்.ஸி. காமிராவில், லென்ஸ் துவாரத்தின் அளவை மின்சாரத் தொடர்பு மூலமாகக் காமிராவுக்குத் தெரிவிக்கும் முறையை உலகில் முதன்முதலாகப் புகுத்தி, 1990 அக்டோபரில் இரு ஜெர்மனிகளும் ஒன்றாகும் தறுவாயில் கலைப்புக்கு உத்தரவாகும் வரை காமிரா செய்துகொண்டிருந்தது. மேற்கத்திய ஸ்தாபனங்கள் தோற்றதைக் காலத்தின் கோலம் என்றும், கிழக்கத்திய ஸ்தாபனம் நலிந்ததைத் தரக்குறைவு என்றும் இரண்டு தராசுகளில் நிறுப்பது நேர்மையாகாது.

இனி, கையில் பிடித்துப் படம் எடுப்பவர்கள் சொல்லும் குறைக்கு வருவோம். எக்ஸாக்டாவின் ஷட்டர் வேலை செய்யவில்லை, திரையில் துளை விழுந்து வெளிச்சம் கசிகிறது, பென்டகான் ஸிக்ஸில் ஒரு படத்தின்மேல் மற்றொரு படம் ஏறிக்கொள்கிறது என்பன அவர்கள் காட்டும் குற்றங்கள். அவர்கள் கண்டது பொய்யன்று. கண்டதிலிருந்து செய்த அநுமானம்தான் தவறு. எக்ஸாக்டாவின் திரை ரப்பர் பூசிய துணி. அறுபது எழுபது ஆண்டுகளில் ரப்பர் இறுகி வெடிக்கும். லைக்காவின் திரையும் ரப்பர் பூசிய துணியே. அப்படியிருக்க, லைக்கா வேலை செய்கிறது, எக்ஸாக்டா வேலை செய்யவில்லை என்றால் அதற்குக் காரணம் வெட்ஸ்லரின் துணி தெய்விகமானது என்பதா? லைக்காவை வாங்கியவன் பெரும் பணம் கொடுத்து வாங்கியதனால், பத்தாண்டுக்கு ஒருமுறையாவது தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறந்து துடைத்து எண்ணெயிட்டு, வேண்டியபோது திரையையும் மாற்றி வைத்தான். எக்ஸாக்டாவை மலிவாக வாங்கியவன் அதை ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. அலமாரியில் கிடந்து மசகு பசையாகிப் போன யந்திரத்தை வெளியே எடுத்து, 'கிழக்கு ஜெர்மன் வேலை இவ்வளவுதான்' என்று தீர்ப்புச் சொன்னான். மதிப்பின்மை முதலில் வந்தது. பழுது அதன் பின்னால் வந்தது. பின்னர் பழுதையே மதிப்பின்மைக்குச் சாட்சியாக அழைத்தார்கள். இந்தத் தர்க்கத்தின் வட்டத்தை அறுக்காமல் எந்தப் பழைய காமிராவைப் பற்றியும் நியாயமாகப் பேச முடியாது.

காலத்தின் சேதம் எல்லையைப் பார்த்து வருவதில்லை. எம்3 காமிராவின் ரேஞ்ச்ஃபைண்டர் பிரிஸங்களை ஒட்டிய பசை விட்டுப்போனால் ஜன்னல் இருண்டுவிடும். லைக்காவின் பழைய ஸுமார் லென்ஸின் முன்கண்ணாடி மென்மையானதாகையால் கீறல் இல்லாத ஒன்றைத் தேடிப் பிடிப்பது அரிது. க்ரொய்ட்ஸ்நாக்கில் செய்த ஷ்னைடர் லென்ஸுகளின் உள்விளிம்பில் வெண்புள்ளிகள் பூப்பது பிரசித்தம். கான்டாரெக்ஸைத் திறக்கத் துணியும் மெக்கானிக் இன்று உலகத்திலேயே சிலர்தான். இவற்றையெல்லாம் 'முதுமையின் இயல்பு' என்று பொறுத்துக்கொள்ளும் சேகரிப்பாளர்கள், டிரெஸ்டனுக்கு மட்டும் அந்தப் பொறுமையை மறுப்பானேன்? பென்டகான் ஸிக்ஸின் நகர்த்தும் அமைப்பு நுட்பமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிலிமைத் தளர்வின்றி இறுக்கிச் சுற்றி, நெம்புகோலை முழுத் தூரமும் தள்ளி, வில்லின் வேகத்தில் துள்ளவிடாமல் விரலோடு விரலாகத் திருப்பிக் கொண்டுவந்தால், படங்கள் ஒழுங்காகவே விழும். பிந்திய காலத்தில், 1970-களுக்குப் பின், செலவைக் குறைப்பதற்காகப் பொருளின் தரத்தைத் தளர்த்தியதும் உண்டு; அந்தக் குறையை 1950-களின் எக்ஸாக்டா வாரெக்ஸின் தலையில் ஏற்றுவது, பேரனின் கடனுக்காகப் பாட்டனை நீதிமன்றத்துக்கு இழுப்பதற்கு ஒப்பாகும்.

எக்ஸாக்டாவோடு பழகிய எவரும் அதை வெறும் பண்டமாகக் கருதமாட்டார்கள். படம் எடுக்கும் பொத்தான் இடக்கையின் விரலுக்கு. பிலிம் நகர்த்தும் நீண்ட நெம்புகோலும் இடப்புறத்தில். வலக்கைக்கு உரியதாக 12 விநாடி வரை நீளும் மெதுவேகங்களின் குமிழ். உள்ளே ஒரு சிறு கத்தி இருக்கிறது: சுருள் முழுவதும் முடியும் முன்பே, எடுத்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக் கழுவிக்கொள்ளலாம். முதல் சுருளில் கைகள் தடுமாறும். சில சுருள்களுக்குள் இடக்கை அமைதியாகப் பழகிவிடுகிறது, வலக்கை லென்ஸைத் தாங்கிக் குவியத்தைத் திருத்த விடுபடுகிறது. படம் எடுத்ததும் கண்ணாடி மேலேயே நின்று பார்வை இருண்டுவிடுவதைப் பெருங்குறையாகச் சொல்வார்கள். அந்த இருள், எடுத்த படத்தை மனத்தில் ஒருமுறை நிறுத்திப் பார்த்த பின்பே அடுத்ததற்குப் போகச் செய்கிறது என்பது என் அநுபவம். நுண்நோக்கியோடும் மருத்துவக் கருவிகளோடும் இணைக்க இஹாகே செய்த துணைக்கருவிகளின் வரிசை, அந்நாளில் பரிசோதனைச் சாலைகள் இந்தக் காமிராவை எவ்வளவு நம்பின என்பதற்கு அத்தாட்சி. ஹிட்ச்காக்கின் 1954-ஆம் ஆண்டுப் படமான 'ரியர் விண்டோ'வில், கால் முறிந்து ஜன்னலோரம் அமர்ந்த பத்திரிகைப் படக்காரனின் கையில், கில்ஃபிட் நீள்லென்ஸோடு இருப்பதும் எக்ஸாக்டாவே. அமெரிக்கத் திரைப்படமொன்று, தொழில்முறைப் படக்காரனின் கருவி இது என்று உலகத்துக்குக் காட்டத் தேர்ந்தது டிரெஸ்டன் காமிராவை.

லென்ஸுகளைப் பற்றிய அவதூறு இன்னும் ஆதாரமற்றது. ரிஃப்ளெக்ஸ் காமிராவில் கண்ணாடி அசைய இடம் விடவேண்டியிருப்பதால் அகலக்கோண லென்ஸைப் பிலிமுக்கு அருகில் கொண்டுபோக முடியாது. இந்தத் தடையை வெல்லும் லென்ஸைப் பிரான்ஸில் ஆன்ஷெனியூ உருவாக்கிய அதே வேளையில் யேனாவும் தன் ஃப்ளெக்டகானை உருவாக்கிவிட்டது. யேனாவின் பயோட்டர் 58 மில்லிமீட்டர் லென்ஸின் அமைப்பைப் பின்பற்றித்தான் சோவியத்தார் ஹீலியோஸை லட்சக்கணக்கில் செய்தனர். பால் ருடால்ஃப் 1902-இல் வகுத்த டெஸ்ஸார், யேனாவிலும் செய்யப்பட்டது, ஓபர்கோகெனிலும் செய்யப்பட்டது. பெயருக்காக இரு ஜெய்ஸ் ஸ்தாபனங்களும் நீதிமன்றங்களில் பல்லாண்டு போராடியதன் விளைவாக, மேற்கே ஏற்றுமதியான யேனா லென்ஸுகள் தம் பெயர்களைச் சொல்லமுடியாமல், 'யேனாவிலிருந்து' என்ற குறிப்போடும் டெஸ்ஸாருக்கு 'டி', பயோட்டருக்கு 'பி' என்ற ஒற்றை எழுத்தோடும் போயின. பெயரற்ற லென்ஸ் என்று இவற்றை ஒதுக்கியவர்கள் ஒரு வழக்கின் தீர்ப்பைக் கண்ணாடியின் குறையாக எண்ணிவிட்டார்கள். கிழக்கு ஜெர்மனியின் ஒளித்தொழில் நமக்கும் அந்நியமன்று. வோல்ஃபென் நகரத்து ஆர்வோ சுருளில்தான் ஒரு தலைமுறைக் காலத்து இந்தியத் திரைப்படங்கள் பல எடுக்கப்பட்டன.

நெஞ்சை உறுத்தும் ஓர் ஆட்சேபம் உண்டு. கிழக்கு ஜெர்மனியில் காட்பஸ் சிறையில் அடைபட்ட அரசியல் கைதிகளைக் கொண்டு பென்டகானுக்கு வேலை வாங்கினார்கள். அதற்கு முன் யுத்த காலத்தில், டிரெஸ்டனில் ஜெய்ஸ் ஐகானின் ஆயுதத் தொழிற்சாலையில் கட்டாய வேலை செய்த யூதர்களை ஹெல்லெர்பெர்க் முகாமில் அடைத்து, 1943 மார்ச்சில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். இந்தக் காமிராக்களைச் சேகரிப்பவன் இதையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும். அறியாமல் பெருமை பேசுவது பாவம். ஆயினும் இது இரண்டு கொடுங்கோன்மைகளின்மேல் நிற்கும் குற்றம். காமிராக்களின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு அன்று. தரத்தை இழித்துப் பேச வேறு ஆதாரமில்லாதவர்கள், துன்பப்பட்டவர்களின் கதையைத் துணைக்கு இழுப்பதை நான் ஒப்பமாட்டேன்.

கடைசியில் விலையைக் காட்டுவார்கள்: லைக்காவுக்குச் சந்தை கொடுக்கும் விலையில் பல எக்ஸாக்டாக்களை வாங்கலாம், அதுவே போதிய அத்தாட்சி என்பார்கள். கோர்லிட்ஸ் நகரத்தில் மேயர் ஸ்தாபனம் செய்த டிரயோப்ளான் 100 மில்லிமீட்டர் லென்ஸும் நெடுங்காலம் மலிவுச் சரக்காகத்தான் கிடந்தது. மூன்றே கண்ணாடிகள், யேனாவோடு ஒப்பிடத் தகாதது என்று எல்லாரும் ஒதுக்கினார்கள். குவியத்துக்கு அப்பாலுள்ள ஒளிப்புள்ளிகளை அது சோப்புக் குமிழிகளைப்போலக் காட்டும் அழகில் சில படக்காரர்கள் மனம்பற்றியதும், அதன் விலை பன்மடங்கு ஏறிற்று. இடையில் அந்தக் கண்ணாடியில் யாதொரு மாறுதலும் நிகழவில்லை. எக்ஸாக்டாவுக்குக் கொடுக்கும் விலையைவிட அதன் திரைத்துணியை மாற்றி வேகங்களைச் சீர்செய்யக் கொடுக்கும் கூலி அதிகம் என்று கேட்டுப் பலர் பின்வாங்குகிறார்கள். லைக்கா வைத்திருப்பவர் அதே கூலியை ஒரு சொல்லும் சொல்லாமல் கொடுத்துவருகிறார். அவருடைய காமிரா வேலை செய்வதும், இவர்களுடையது வேலை செய்யாததும் அதனால்தான்.